கொல்லையில் ஒரு அடுப்படி போட வேண்டும்: 12க்கு 10 அடி இடம், கூரையும் அடுப்பும் எப்படி?

கொல்லைவாசி (மார்ச் 3)

வணக்கம். எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கம். வீட்டுக்குப் பின்னால், கிணற்றடிக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் நடுவில் 12 அடிக்கு 10 அடி இடம் சும்மா கிடக்கிறது. முன்பு அங்கே கீற்றுக் கொட்டகை போட்டு அதில்தான் அம்மா சமைத்தார். 2018 நவம்பர் 16, கஜா புயல் கரையேறிய விடியற்காலையில் அந்தக் கூரை மொத்தமாகப் போய்விட்டது. பக்கத்துத் தென்னை இரண்டும் அதன்மேல் விழுந்தன. அப்புறம் வீட்டை எடுத்துக் கட்டும்போது உள்ளேயே மேடை, காஸ் அடுப்பு எல்லாம் வைத்துவிட்டோம். கொல்லையை யாரும் நினைக்கவில்லை.

அம்மாவுக்கு இப்போது 66 வயது. அன்றாடச் சமையலுக்கு காஸ் போதும். ஆனால் வெந்நீர் போட, வடகத்துக்குக் கூழ் காய்ச்ச, கருவாடு வறுக்க, ஆள் வந்தால் பெரிய பானையில் சோறு வடிக்க, இதற்கெல்லாம் அவருக்கு விறகடுப்புதான் வேண்டும். மூன்று செங்கல்லைக் கூட்டி வானம் பார்க்கச் சமைக்கிறார். போன ஐப்பசியில் பாதி வெந்த சோற்றுப் பானையைத் துணியால் பிடித்துக்கொண்டு மழையில் உள்ளே ஓடி வந்தார். படியில் கால் வழுக்கியது. விழவில்லை, ஆனால் கஞ்சி தளும்பி இடது மணிக்கட்டில் கொட்டிக் கொப்பளித்துவிட்டது. தழும்பு இன்னும் இருக்கிறது. இந்த ஐப்பசிக்குள் ஒரு நல்ல அடுப்படி கட்டிக் கொடுத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

கொத்தனார் ஒருவர் வந்து பார்த்தார். மேலே கான்கிரீட், நாலு பக்கமும் சுவர், கருங்கல் மேடை என்கிறார். அது எனக்குச் சரியாகப் படவில்லை, செலவும் கட்டாது. என்ன கூரை, எந்தப் பக்கம் திறப்பு, அடுப்பு எப்படி? கட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தென்காசிச் சாரல் (மார்ச் 3)

அண்ணா, கூரையைப் பிறகு பார்க்கலாம். முதலில் காற்றைப் பாருங்கள். கொல்லை அடுப்படி கட்டிய முக்கால்வாசிப் பேர் தப்புச் செய்வது இங்கேதான். வாடை வடக்கு, கொண்டல் கிழக்கு, கோடை மேற்கு, தென்றல் தெற்கு என்று நாலு காற்றுக்கும் நம்மவர்கள் பேர் வைத்தது சும்மா இல்லை. எங்கள் ஊரில் ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று வந்து அறையும், கூடவே சாரல். மேற்கே திறந்து வைத்தால் அடுப்பு பற்றவே பற்றாது. உங்கள் பக்கம் அப்படி இல்லை. உங்களுக்கு மழை ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும்.

ஒரு வேலை செய்யுங்கள். பழைய சட்டியில் கொஞ்சம் நெருப்புப் போட்டு, அரைகுறையாகக் காய்ந்த வேப்பிலையை அதன்மேல் வைத்து, அந்த இடத்தின் நாலு மூலையிலும் நடுவிலும் மாற்றி மாற்றி வையுங்கள். அம்மா சமைக்கிற நேரத்தில்தான் பார்க்க வேண்டும், உங்களுக்கு ஓய்வான நேரத்தில் இல்லை. ஒரு வாரம் பார்த்தால் புகை எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். எங்கள் மாமா இதைச் செய்யாமல் கட்டினார். புகை நேரே மாடிப்படி வழியாக ஏறிப் படுக்கையறைக்குப் போகும். மூன்றாவது வருஷம் இடித்தார்.

பூவரசு (மார்ச் 4)

உடுமலைப் பக்கம்ங்க. கொல்லை அடுப்புக்கு எங்க ஊர்ப் பேச்சில் பொடக்காளி அடுப்பு என்று பேர். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்கும், அதனால் கூரை பற்றி மட்டும் சொல்கிறேன்.

நாலு பக்கமும் சுவர் உள்ள வீட்டுக் கூரையைவிடத் திறந்த கொட்டகைக் கூரைக்குத்தான் ஆபத்து அதிகம். காற்று உள்ளே புகுந்து அடியிலிருந்து தூக்கும். பாரம் தாங்கத்தான் தூண் என்று நினைக்கிறோம், புயலில் அதே தூண் கூரையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்க வேண்டும். என் தகரக் கொட்டகை முதல் தடவை ஆணி அடித்து நிறுத்தியது. ஒரே ஆடிதான். பக்கத்துத் தோட்டத்தில் போய்க் கிடந்தது. யார் மேலும் விழாமல் போனது கடவுள் புண்ணியம். இரண்டாவது தடவை இரண்டரை அங்குல இரும்புக் குழாயை இரண்டடி ஆழத்தில் கான்கிரீட் போட்டு நட்டேன். அடி முனையில் குறுக்கே கம்பி பற்றவைத்துத்தான் நட்டேன், மேலே உருவிக்கொண்டு வராது. தகடு 0.47 மி.மீ., கொக்கி போல்ட், ரப்பர் வாஷரோடு. பத்தடிக்கு ஒரு அடி சரிவு. அப்புறம் எத்தனையோ காற்று அடித்துவிட்டது, ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் தகரத்துக்குக் கீழே சித்திரை மாசம் பதினோரு மணிக்கு நிற்க முடியாதுங்க. அதை மறைத்து உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

வயல்வரப்பு (மார்ச் 4)

நானும் டெல்டாதான், திருத்துறைப்பூண்டி. கஜாவுக்கு அப்புறம் ஆஸ்பெஸ்டாஸ் சீட்டுகள் நிறையப் பேர் வீட்டில் அடுக்கிக் கிடக்கின்றன. நல்ல சீட்டாகப் பார்த்துச் சும்மாவே வாங்கிப் போட்டுவிடலாமே? சூடு தகரத்தைவிடக் குறைவு.

ஊர்ச்செவிலி (மார்ச் 4)

வேண்டாம் தம்பி. இதை மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். 24 வருஷம் கிராமங்களில் செவிலியாக வேலை பார்த்தவள். ஆஸ்பெஸ்டாஸ் என்பது கல்நார். அதன் எல்லா வகையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முழுசாகக் கிடக்கும்போது தெரியாது. பழைய சீட்டை அறுக்கும்போதும் ஓட்டை போடும்போதும் உடைக்கும்போதும்தான் நார் தூசியாகக் கிளம்பும். பழைய சீட்டு என்றாலே அதைத்தான் செய்வீர்கள். அதோடு அடுப்புக்கு மேலே வைத்தால் சூடு பட்டுப் பட்டு விரிசல் விட்டுப் பானைக்குள்ளேயே சில்லு விழும்.

இன்னொன்று. வெளியே சமைத்தால் புகை ஒன்றும் செய்யாது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். குனிந்து ஊதுகிற முகத்துக்கும் அடுப்பு வாய்க்கும் நடுவில் ஒன்றரை அடிகூட இல்லை. வெளியே இருந்தாலும் அந்த ஒன்றரை அடியில் இருக்கிற புகை அதே புகைதான். வீட்டு அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மூச்சிரைப்பு, கண்புரை, குழந்தைகளுக்கு நிமோனியா என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கொல்லைவாசி, அம்மாவுக்கு நல்லது செய்யத்தான் கட்டுகிறீர்கள். அப்படியென்றால் கூரைக்கு எவ்வளவு யோசிக்கிறீர்களோ அதே அளவு அடுப்புக்கும் புகைபோக்கிக்கும் யோசியுங்கள். அம்மா நின்று சமைப்பாரா, உட்கார்ந்தா? முழங்கால் எப்படி இருக்கிறது?

கொல்லைவாசி (மார்ச் 5)

அக்கா, நன்றி. ஆஸ்பெஸ்டாஸ் எண்ணமே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டும். இருமல் அவ்வப்போது வரும், மழைக்காலத்தில் கூடும். அதை நான் இந்தக் கட்டுமானத்தோடு சேர்த்து நினைத்ததே இல்லை. வேப்பிலைப் புகைச் சட்டியை இன்று சாயங்காலம் தொடங்குகிறேன்.

கொத்தனார் வீட்டுப் பிள்ளை (மார்ச் 6)

எங்கள் அப்பா 40 வருஷம் கரண்டி பிடித்தவர். கல்யாணக் கோட்டை அடுப்பு முதல் வீட்டுக் கொடி அடுப்பு வரை கட்டியவர். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டுக் கேட்டு எழுதுகிறேன்.

அடுப்புக்குச் சிமென்ட் கூடாது. நெருப்புப் படுகிற இடத்தில் சிமென்ட் கலவை உதிர்ந்துவிடும். கருங்கல்லும் கூடாது, சூட்டில் பொரிந்து தெறிக்கும். நன்றாக வெந்த செங்கல், களிமண் கலவை, இவ்வளவுதான். உங்கள் ஊர்க் களிமண் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அதனால் மணலும் உமியும் கொஞ்சம் தாராளமாகப் போட வேண்டும். அளவு பார்க்க அப்பா செய்வது இது: கலவையில் ஒரு எலுமிச்சை அளவு உருண்டை பிடித்து நிழலில் மூன்று நாள் வைப்பார். வெடித்தால் மணல் பற்றவில்லை. விரலால் நசுக்கும்போது பொலபொலவென்று உதிர்ந்தால் மணல் அதிகம். இரண்டும் இல்லாமல் நகத்தால் கீறினால் கோடு மட்டும் விழ வேண்டும். கலவையை மூன்று நாள் ஊறவைத்து மிதித்த பிறகுதான் கையில் எடுப்பார்.

கொடி அடுப்பாகக் கட்டுங்கள். ஒரே நெருப்பில் முன்னால் பெரிய பானை, பின்னால் கொடி என்கிற துணை அடுப்பில் குழம்போ வெந்நீரோ. கொடிக்கும் பின்னால் புகைபோக்கி. விறகு வைக்கிற வாய் ஆறு அங்குல அகலம், ஐந்து அங்குல உயரம் போதும். வாயைப் பெரிதாக வைத்தால் விறகைத் திணிப்பார்கள், புகைதான் வரும். உள்ளே தரையிலிருந்து இரண்டு அங்குலம் உயர்த்தி ஒரு இரும்புக் கம்பி வலை போடுங்கள். விறகுக்கு அடியில் காற்று போனால் ஊதாங்குழலுக்கு வேலை குறையும். பானைக்கும் அடுப்புக்கும் நடுவில் குமிழ் உயரம் ஒரு விரல் கனம், அதற்கு மேல் வேண்டாம்.

உயரத்துக்கு அப்பா சொல்வது: மேடை உயரத்தை அளக்காதே, பானை வாயை அள. அடிமேடை 18 அங்குலம், அடுப்பு 9 அங்குலம், சோற்றுப்பானை 10 அங்குலம். பானை வாய் 37 அங்குலத்தில் நிற்கும். கரண்டி போட்டுக் கிண்டும்போது அம்மாவின் முழங்கை தோளுக்குக் கீழேயே இருக்க வேண்டும். காஸ் அடுப்பு மேடை அளவு 32 அங்குலத்தை விறகடுப்புக்கும் வைத்துவிட்டு, பிறகு பலகை போட்டு ஏறி நின்று கிண்டுகிறவர்கள் உண்டு. கொதிக்கிற பானைக்குப் பக்கத்தில் பலகை மேல் நிற்பது எவ்வளவு ஆபத்து.

அக்னி மூலை பற்றியும் அப்பா ஒன்று சொல்லச் சொன்னார். வீட்டுக்குத் தென்கிழக்கில் அடுப்படி இருந்தால், வடகிழக்குக் காற்று புகையைத் தென்மேற்கே தள்ளும், தென்மேற்குக் காற்று வடகிழக்கே தள்ளும். இரண்டு பருவத்திலும் வீடு தப்பிக்கும். சாஸ்திரம் எதற்காகச் சொன்னதோ, நம் ஊர்க் காற்றுக்கு அது சரியாகப் பொருந்துகிறது என்கிறார்.

தென்காசிச் சாரல் (மார்ச் 6)

உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பானை வாயை அளக்கச் சொன்னது நான் கேள்விப்படாதது.

பனங்கூடல் (மார்ச் 7)

வணக்கம். நான் யாழ்ப்பாணம், வடமராட்சிப் பக்கம். எங்கட பழைய வீடுகளிலே குசினி, அதாவது அடுப்படி, எப்பவும் தனிக்கட்டிடம்தான். வீட்டுக்கும் குசினிக்கும் நடுவிலே முற்றம். நெருப்புப் பிடிச்சாலும் வீடு தப்பும், புகையும் வீட்டுக்குள்ளே வராது. எங்கட அம்மம்மாவின்ட குசினி அரைச்சுவர் வைச்சு, அதுக்கு மேலே பனைமட்டை வரிச்சு, கூரை கிடுகு (பின்னின தென்னோலை). வரிச்சுக்குள்ளாலே புகை வெளியே போகும், வெளிச்சம் உள்ளே வரும், காகம் பூனை வராது. முழுச்சுவரும் இல்லை, முழுத்திறப்பும் இல்லை. நீங்கள் அதை யோசிச்சுப் பாருங்கோ.

எரிக்கிறதுக்குப் பனங்கொட்டை ஊமல் மாதிரி ஒண்டும் இல்லை. கிழங்கு எடுத்த பிறகு மிஞ்சுகிற ஓடு. நல்லாக் காய்ஞ்சால் புகை குறைய, நெருப்பு நிண்டு எரியும். தேங்காய்ச் சிரட்டை விரைவாகப் பத்தும், விரைவாக முடியும். ஒரு எச்சரிக்கையும் சொல்லவேணும்: வேலியிலே அலரி நிண்டால் அந்தத் தடியை அடுப்புக்குக் கொண்டுவராதையுங்கோ. உங்கட பக்கம் அரளி எண்டு சொல்லுறது. அதின்ட புகையும் நஞ்சு.

ஊர்ச்செவிலி (மார்ச் 7)

அரளியைச் சொன்னதற்கு மிக்க நன்றி ஐயா. பெயின்ட் அடித்த பழைய ஜன்னல் கட்டை, பிளைவுட் துண்டு, பிளாஸ்டிக் பை இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பற்றவைக்கப் பால் கவரைப் போடுகிற பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. அந்தப் புகை குழந்தை இருக்கிற வீட்டில் கூடவே கூடாது.

மொட்டைமாடி (மார்ச் 8)

சென்னையிலிருந்து. இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்களுக்குக் கொல்லை இல்லை, மாடிதான். அங்கே ஒரு ஓரத்தில் சின்னதாகக் கூரை போட்டு காஸ் அடுப்பு வைக்கலாம் என்று இருக்கிறேன். கருவாடு, பலகாரம் போட மட்டும். கவனிக்க வேண்டியது என்ன?

பூவரசு (மார்ச் 8)

முதலில் தளத்தில் ஓட்டை போட்டுத் தூண் நிறுத்தாதீங்க. மேலே பதித்த குளிர்ச்சி ஓடுகளையும் சுண்ணாம்புத் தளத்தையும் துளைத்தால் அடுத்த மழைக்குக் கீழ்வீட்டுக் கூரை ஒழுகும். கைப்பிடிச் சுவரோடு சேர்த்து இரும்புச் சட்டம் நிறுத்துங்க, மாடியறைச் சுவர் இருந்தால் அதிலிருந்து கூரையை இறக்குங்க.

காஸ் விஷயம் முக்கியம். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். காற்றுக்கு மறைப்பு என்று மூன்று பக்கமும் தரை வரைக்கும் அடைத்துவிட்டுத் தலைக்கு மேலே மட்டும் திறந்து வைக்கிறார்கள். வெளியே இருக்கிறோம் என்ற தைரியம்தான், ஆனால் அது தொட்டி மாதிரி. மறைப்புக்கு அடியில் தரையோடு ஒரு சாண் திறப்பு இருக்கணும். சிலிண்டர் நிமிர்ந்து, வெயில் படாத இடத்தில், அடுப்பு அதைவிட உயரத்தில். ரப்பர் குழாய் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம். வெயிலும் மழையும் படுகிற இடத்தில் குழாய் சீக்கிரம் வெடிக்கும். அட்டவணைப்படி ஐந்து வருஷம் என்று உட்காராமல் மாசம் ஒரு தடவை சோப்பு நுரை தடவிப் பாருங்க. காற்றுக்குச் சுடர் அணைந்தால் உடனே திருகை மூடுங்க, கொஞ்ச நேரம் விட்டுத்தான் மறுபடி பற்றவைக்கணும்.

கொல்லைவாசி (மார்ச் 14)

ஒரு வாரம் சட்டிப்புகை பார்த்துவிட்டேன். வீடு வடக்குப் பார்த்தது, இடம் வீட்டுக்குத் தென்கிழக்கே. காலை ஆறு மணிக்குப் புகை கிட்டத்தட்ட நேராக மேலே போகிறது. பதினோரு மணிக்கு எந்தப் பக்கம் என்று நிலை இல்லை, சுழல்கிறது. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று வந்து புகையை நேரே எங்கள் பின்வாசலுக்குள் கொண்டுபோனது. சட்டியைக் கிணற்றுப் பக்கம் வைத்தபோது ஐந்தே நிமிஷத்தில் கூடத்தில் வேப்பிலை வாசம். பருவக்காற்றுக்கு அக்னி மூலை சரி, ஆனால் கோடைச் சாயங்காலத்துக்கு எங்கள் இடம் சரியில்லை. பார்க்காமல் கட்டியிருந்தால் தெரிந்திருக்காது.

இரண்டாவதும் ஒன்று நடந்தது. சட்டியோடு நான் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்து, ஒரு குச்சியால் தரையில் கோடு போட்டார். "அடுப்பு இங்க. நான் இப்படி நிப்பேன். விறகு எனக்கு வலப்பக்கம், தண்ணி இடப்பக்கம். அம்மி மேக்கால, வெளிச்சத்துல." அதுவரை நான் அவரிடம் கேட்கவே இல்லை. உங்கள் எல்லோரிடமும் கேட்டேன், அவரிடம் கேட்கவில்லை. வரைபடத்தைக் கிழித்துவிட்டு அந்தக் கோட்டையே அளந்து எழுதிக்கொண்டேன்.

இப்போதைய முடிவு: கிழக்கிலும் வடக்கிலும் ஐந்தடிச் சுவர், தெற்கும் மேற்கும் திறப்பு. கிழக்குச் சுவரோடு கொடி அடுப்பு. புகைபோக்கி முகட்டுக்கு மேலே மூன்று அடி. கூரை மட்டும் தகரமா ஓடா என்று இழுக்கிறது.

தென்காசிச் சாரல் (மார்ச் 14)

ஓடு போடுங்கள் அண்ணா. 12க்கு 10 இடத்துக்கு இரண்டடி இறவாரம் விட்டால் சரிவோடு சேர்த்து 250 சதுர அடி கூரை வரும். 350 மங்களூர் ஓடு, உடைவுக்கு இன்னும் 25. ஒரு ஓடு இரண்டரை மூன்று கிலோ, ஆகக் கிட்டத்தட்ட ஒரு டன் பாரம் மேலே உட்காரும். அந்தப் பாரமே காற்றுக்கு ஒரு காப்பு. ஆனாலும் இறவாரத்தில் கீழ் இரண்டு வரிசையையும் முகட்டையும் கம்பியால் கட்டிவிடுங்கள், காற்று முதலில் கிளப்புவது அங்கேதான். இடித்த வீட்டு ஓடு வாங்கினால் ஒவ்வொன்றையும் சுண்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது, சொத்தென்று கேட்டால் கீறல். நடுவில் இரண்டு கண்ணாடி ஓடு, அம்மி இருக்கும் இடத்துக்கு நேரே.

சுவரை மட்டும் ஆறரை அடிக்கு ஏற்றுங்கள், ஐந்தடி போதாது. ஐப்பசிச் சாரல் உள்ளே வரும்.

ஊர்ச்செவிலி (மார்ச் 15)

இதில் தென்காசித் தம்பியோடு எனக்கு உடன்பாடு இல்லை. சுவரைக் கூரை வரைக்கும் ஏற்றினால் புகை முட்டும். புகைபோக்கி எல்லாப் புகையையும் இழுத்துவிடாது. வாய்ப்பக்கம் வருகிற புகை, வறுக்கிற நெடி எல்லாம் மேலே போய்ச் சுவருக்கும் கூரைக்கும் நடுவில்தான் வெளியேற வேண்டும். வருஷத்தில் இரண்டு மாசச் சாரலுக்காகப் பத்து மாசம் புகையில் நிறுத்தாதீர்கள்.

பனங்கூடல் (மார்ச் 15)

சுவர் ஐந்தடியே இருக்கட்டும். மேலே மட்டை வரிச்சு. மாரிக்கு மட்டும் வெளிப்பக்கம் ஓலைத்தட்டி தொங்கவிடுங்கோ, மழை முடிய உருட்டி வையுங்கோ. அடுப்புக்கு நேர் மேலே மட்டும் ஓலை, மட்டை ஒண்டும் வரக்கூடாது. பொறி பறக்கும்.

கொல்லைவாசி (மே 26)

வேலை முடிந்தது. நடுவில் எழுத நேரம் இல்லை, மன்னியுங்கள்.

பழைய வீட்டில் எடுத்து வைத்திருந்த வைரம் பாய்ந்த பனஞ்சட்டங்கள் கூரைக்கு ஆயின. தூண் ஆறும் பூவரசு அண்ணன் சொன்ன மாதிரி, அடியில் குறுக்குக் கம்பியோடு. தரை முக்கால் அடி உயரம், மேற்கே கிணற்றடி வாய்க்கால் பக்கம் லேசான வாட்டம். தேய்க்கிற தண்ணீர் கல்வாழைப் பாத்திக்குப் போகிறது. விறகு பரண் வலப்பக்கம், தரையிலிருந்து ஒன்றரை அடி மேலே. பாம்பு, தேள் தங்காமல் இருக்க அடியில் ஒன்றும் வைக்கவில்லை. ஒரு வாரத்து விறகு மட்டும்தான் அங்கே, மீதி மாட்டுக்கொட்டகைச் சுவரோரம் வெயிலில்.

அடுப்பை நான் தொடவில்லை. அம்மாவே போட்டார். களிமண் உருண்டை மூன்று தடவை வெடித்தது, நாலாவதில் கோடு விழுந்தது. அதை என்னிடம் காட்டியபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு நாள் நிழலில் காயவிட்டு, சாணி மெழுகி, முதல் மூன்று நாள் சுள்ளி மட்டும் வைத்துச் சின்ன நெருப்பு. நாலாம் நாள் உலை வைத்தார். பின்கொடியில் ரசம் தானாகக் கொதித்தது.

முதலில் புகைபோக்கி சரியாக இழுக்கவில்லை, புகை வாய் வழியாகவே திரும்பி வந்தது. கொத்தனார் வீட்டுப் பிள்ளையின் அப்பாவிடம் போனில் கேட்டேன். குழாய் குளிர்ந்திருந்தால் இழுக்காது, முதலில் புகைபோக்கி அடித்திறப்பில் ஒரு கைப்பிடிப் பன்னாடையைக் கொளுத்திப் போடு என்றார். போட்ட உடனே 'ஹூ' என்று ஒரு சத்தம், அப்புறம் புகை திரும்பவே இல்லை. இப்போது தினமும் அம்மா அதைச் செய்துவிட்டுத்தான் பற்றவைக்கிறார்.

கொத்தனார் வீட்டுப் பிள்ளை (மே 26)

அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். ரசம் தானாகக் கொதித்தது என்ற இடத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். மாசம் ஒரு தடவை குழாயில் கரி தட்டச் சொல்கிறார். கயிற்றில் பழைய சாக்கைச் சுருட்டிக் கட்டி மேலும் கீழும் இழுத்தால் போதும்.

கொல்லைவாசி (நவம்பர் 19)

மழைக்காலத்து நிலவரம் சொல்ல வந்தேன். போன வாரம் மூன்று நாள் விடாத மழை. வடகிழக்குச் சாரல் வரிச்சு வழியாக வந்தது உண்மை, தென்காசித் தம்பி சொன்னது பொய்யில்லை. தட்டியை இறக்கியபின் அடுப்பு வரைக்கும் வரவில்லை, வடக்கு ஓரம் ஒரு முழம் தரை மட்டும் நனைந்தது. அடுத்த வருஷம் அந்தப் பக்கம் இறவாரத்தை இன்னும் அரை அடி நீட்டுவேன்.

விளக்கை வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு மாற்றினேன், மழை விட்ட சாயங்காலம் ஈசல் வருவது குறைந்தது. அடுப்புக்கு மேலே வைக்காமல் வெளித்தூணில் மாட்டியதும் ஒரு காரணம். மின்கசிவுக்கு 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கிற சுவிட்ச் போட்டிருக்கிறேன். ஈரக்கையோடு நிற்கிற இடம், அதை விட மனசு வரவில்லை.

மழை கொட்டும்போது அம்மா சோறு வடித்தார். நான் குடையோடு ஓடினேன், அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கஞ்சியை நிதானமாகச் சட்டியில் வடித்து, பானையை நிமிர்த்தி, மூடி வைத்துவிட்டு, "ஏன்டா நனையிற?" என்றார்.

ஊர்ச்செவிலி (நவம்பர் 19)

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது தம்பி. இருமல் எப்படி இருக்கிறது?

கொல்லைவாசி (நவம்பர் 20)

குறைந்திருக்கிறது அக்கா, நிற்கவில்லை. போன மாசம் மருத்துவரிடம் காட்டி மருந்து எடுக்கிறார். ஊதுவது அநேகமாக நின்றுவிட்டது. சாயங்காலச் சமையலை காஸுக்கு மாற்றிவிட்டோம், கடற்காற்று நேரத்தில் விறகு வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

வயல்வரப்பு (நவம்பர் 22)

அண்ணா, நானும் தை பிறந்ததும் கட்டப் போகிறேன். சீட்டு இல்லை, ஓடுதான். முன் அடுப்பிலிருந்து கொடிக்குப் போகிற துவாரம் எவ்வளவு அகலம், எவ்வளவு ஏற்றம் வைத்தீர்கள்?

கொல்லைவாசி (நவம்பர் 22)

அம்மாவைக் கேட்டுத்தான் சொல்கிறேன். அகலம் நாலு விரல், உயரம் மூன்று விரல். முன் அடுப்பின் பின்சுவரில் மேல்பாதியில் தொடங்கி, ஒரு சாண் தூரத்துக்கு இரண்டு விரல் ஏற்றம். ஈரக் களிமண்ணில் வாழைத்தண்டு ஒரு துண்டைச் சாய்த்து வைத்து, மேலே பூசி, பாதி காய்ந்ததும் தண்டை உருவிவிட்டார். அவர் கை விரல் அளவு அது. என் விரலால் அளந்தால் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும்.